போயிட்டு வர்றேன் என்று சொல்கிற மனுஷன்

என் வீட்டுக்காரர் குமாரசாமி தட்டில் சட்னி தீர்ந்துபோனால்கூட வாய் திறந்து கேட்க மாட்டார். மிச்சமிருக்கிற இட்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நாமாகப் பார்த்து ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்து முழுங்கிவிட்டு எழுந்து போய்விடுவார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பழமொழி சொன்னவர் எடிசன் ஊரில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒன்றே ஒன்றைத்தான் எனக்கு வேணும் என்று வாய்விட்டுக் கேட்டார். அதுவும் என்ன? வீடா, காரா? பட்டம்! ஐம்பதை எட்டப்போகிற வயசில், கடல் தண்ணீரில் நின்று பறக்கவிடுகிற பட்டம். இதை நான் சொன்னபோது என் அக்கா காங்கேயத்திலிருந்து போனில், "மாப்பிள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா நாகமணி?" என்று கேட்டாள்.

கதை ஆரம்பித்தது ஹேட்டரஸ் தீவில். வடக்குக் கரோலினாவில் இருக்கிறது. எடிசனிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினால் வரும். ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கிற காயல், நடுவில் நீளமாக ஒரே ரோடு. வீடெல்லாம் மரக்கால்மேல் நிற்கும். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. துணி காயப்போட்டால் துணியும் இருக்காது, கிளிப்பும் இருக்காது. அந்த நாளில் எங்களுக்கு கிரீன் கார்டு வரவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில், எங்கள் கூட்டத்துக்கு லீவு என்றால் கார் போகிற தூரம்தான். நாலு குடும்பம் சேர்ந்து அங்கே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ரைஸ் குக்கர், பிரஷர் குக்கர், மூன்று டப்பா இட்லி மாவு எல்லாம் கூடவே வந்தது. மாவு வழியிலேயே புளித்து, கடல் பாலத்தின்மேல் போகும்போது கூலர் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்தது. தீவுக்குப் போய் மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், நாங்கள் அடுப்பைப் பார்த்தோம்.

இவரை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனால் காயல் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தண்ணீரில் ஒரு பெண்மணி, தலையெல்லாம் வெள்ளை முடி, காலில் பலகையை மாட்டிக்கொண்டு போகிறாள். ஆகாயத்தில் பிறை வடிவத்தில் ஒரு பெரிய பட்டம். அதன் கயிறு அவளுடைய இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கிறது. பட்டம் இழுக்கிறது, அவள் வழுக்கிக்கொண்டு போகிறாள். கைட் சர்ஃபிங் என்று பேர்.

"சமோசா ஆறுதுங்க, வாங்க" என்றேன்.

"அம்மிணி, அந்தம்மாவைப் பாத்தியா?" என்றார். "காத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிக்குது. அந்தம்மா காத்தோட போயிட்டு, அதே காத்தை வெச்சுக்கிட்டே எதுக்கால திரும்பி வர்றாங்க. கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கறாங்க."

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. போனவள் வரத்தானே செய்வாள்? ஆனால் இவர் ராத்திரி சாப்பாட்டிலும் அதையே சொன்னார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பெருந்துறையிலிருந்து கிளம்பிய மனுஷன். கம்பெனி டி மாய்ன் என்றது, போனார். ஹார்ட்ஃபோர்ட் என்றது, போனார். ப்ராஜெக்ட் முடிந்தது, சார்லட் என்றார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் போனேன். வேலை போய் விசா ஆட்டம் கண்டபோது, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு எடிசனில் வந்து விழுந்தோம். எங்கேயும் இவர் விரும்பிப் போனதில்லை, ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை. மறுநாள் காலையில் அங்கிருந்த கைட் கடைக்குப் போய், பாடம் சொல்லித்தரும் கெய்ட்லின் என்ற பெண்ணிடம் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "எனக்கு இது வேணும் அம்மிணி" என்று நின்றார்.

அந்த வருஷத்திலிருந்து எங்களுக்கு ஜூன் மாதம் என்றால் ஹேட்டரஸ்தான். மற்ற குடும்பங்கள் கேன்கூன், ஹவாய் என்று முன்னேறிவிட்டார்கள். நாங்கள் மட்டும் அதே தீவு, அதே மரக்கால் வீடு, அதே காயல்.

கற்றுக்கொண்டாரா என்றால், பாதி கற்றுக்கொண்டார். பட்டத்தைத் தூக்குவார், பலகைமேல் நிற்பார், அழகாகப் போவார். போவார், போவார், போய்க்கொண்டே இருப்பார். திரும்பி வரத்தான் தெரியாது. காற்றுக்குக் குறுக்கே பலகையின் ஓரத்தை அழுத்தி, சாய்ந்து, இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டி வந்தால்தான் கிளம்பின இடத்துக்கு வர முடியுமாம். இவர் அழுத்தினால் முங்கிவிடுவார், அழுத்தாவிட்டால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். கடைசியில் எங்கேயாவது ஒரு கரையில் ஒதுங்கி, பட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோடு நடந்து வருவார்.

முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாணல் மறைக்கிற முனையைத் தாண்டிப் போனார், ஆளைக் காணோம். நேரம் ஆக ஆக எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நைன் ஒன் ஒன்னுக்குப் போன் போட்டேன். டே கேரில் தினமும் இங்கிலீஷில் குழந்தைகளை மேய்க்கிறவள் நான். அன்றைக்கு வாயில் வந்தது, "ஹஸ்பண்ட், கைட், நாட் கமிங்" மட்டும்தான். சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, படகை இழுத்துக்கொண்டு இன்னொரு வண்டி வந்தது. அதற்குப் பின்னால், தோளில் பட்டத்தோடு, என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இவரும் நடந்து வந்தார்.

"யாருக்கு என்னாச்சு அம்மிணி?" என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். இவர் கிளம்பும்போது பட்டத்தை நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். கட்டைவிரலைக் காட்டினால் விட்டுவிடுவேன். இவர் முனையைத் தாண்டியதும் வேனை எடுத்துக்கொண்டு காற்று போகிற திசையில் போய், ஒரு பழைய மரப் படகுத்துறை இருக்கிறது, அங்கே நிற்பேன். தப்பாமல் அங்கேதான் வந்து ஒதுங்குவார். அதற்கு நாங்கள் வைத்த பேர் பஸ் ஸ்டாப். லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃப்ளாஸ்கில் டீ, துண்டு எல்லாம் வேனில் இருக்கும். பட்டத்தைப் பிடித்து இறக்கி, ஆளைத் துவட்டி, சோறு போட்டு அழைத்துவருவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். வீட்டிலிருந்து ஆபீசுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பினாலும் சரி, காயலில் இறங்கினாலும் சரி, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வெறுமனே "போறேன்" என்றால் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பேன். இவரும் தண்ணீரில் இறங்குமுன் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். நான் சும்மா இருப்பேனா?

"போயிட்டு வர்றேன்னு வருஷா வருஷம் சொல்றீங்க. போறீங்க. வர்றது எப்பங்க?"

"வருவேன் வருவேன்" என்பார்.

இந்த வருஷம் அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு வந்தது. மே மாதம் எங்கள் மகள் வெண்பா காலேஜிலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது அப்பாவின் தோளைப் பார்த்தாள். போன வருஷம் விழுந்ததிலிருந்து அந்தத் தோளை அவர் முழுசாகத் தூக்குவதில்லை.

"அப்பா, யூ டோன்ட் ஹேவ் டு ப்ரூவ் எனிதிங்" என்றாள். அவள் புரிந்துகொள்வது தமிழ், பேசுவது இங்கிலீஷ்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஒரே ஒரு தடவை கெளம்புன எடத்துக்கு நானா திரும்பி வந்துட்டேன்னா போதும் கண்ணு. இந்த வருஷமும் வரலைன்னா கைட்டை அந்தக் கடையிலயே வித்துர்றேன். உங்கம்மாவை எத்தனை வருஷம் ரோட்டோரமா நிக்க வெக்கறது?"

நான் உடனே "அப்பாடா, அடுத்த வருஷம் ஹவாய்" என்று சொன்னேன். சொன்னேனே தவிர, பாத்திரம் கழுவும்போது மனசு என்னமோ போல இருந்தது. கேட்காத மனுஷன் கேட்ட ஒரே ஒன்று அது.

ஹேட்டரஸ் போனோம். முதல் நாட்களில் எப்போதும்போல பஸ் ஸ்டாப்தான். பிறகு காற்றே இல்லை. கடைசிக்கு முந்தின நாள் தென்மேற்குக் காற்று நன்றாக எடுத்தது. இவர் அதிகாலையிலிருந்தே பால்கனியில் நின்று பக்கத்து வீட்டுக் கொடி பறக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். கரையில் கெய்ட்லின் யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பட்டத்தைப் பிடித்தேன், இவர் கட்டைவிரலைக் காட்டினார், விட்டேன்.

"போயிட்டு வர்றேன் அம்மிணி."

"வாங்க, வாங்க."

அன்றைக்குச் சனிக்கிழமை. படகுத்துறையில் மீன்பிடிக்கிறவர்கள் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், எனக்கு இடம் கிடைக்காது. எப்படியும் அங்கேதானே வரப்போகிறார் என்று, அவர் முனையைத் தாண்டுவதற்குக்கூட நிற்காமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஏர்போர்ட்டுக்கு அரை நாள் முன்னாலேயே போய் உட்காருகிற பரம்பரை அல்லவா!

இடம் கிடைத்தது. காத்திருந்தேன். வழக்கமாக வருகிற நேரத்துக்கு வரவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நாணலைப் பார்த்தபடி நின்றேன். ஒருமுறை போனைக்கூட எடுத்துவிட்டேன். வேண்டாமடி, மறுபடியும் மூன்று வண்டியை வரவழைத்துவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே வைத்தேன். கடைசியில் நாணலுக்கு மேலே பட்டத்தின் மஞ்சள் விளிம்பு தெரிந்தது. வந்தார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. உயிர் வந்ததும் வாயும் வந்தது.

"இன்னைக்கும் இங்கயேதானா? அதுக்கு இவ்வளவு நேரமா? மனுஷி உயிரோட இருக்கறதா வேண்டாமா?"

பட்டத்தை இறக்கினோம். இவர் வேன் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, முகத்தில் மட்டும் ஒரு மாதிரியான சிரிப்பு.

"இன்னும் கொஞ்சம் கெழங்கு இருக்குதா அம்மிணி?" என்று கேட்டார்.

போட்டேன். நான் இருந்த கோபத்தில் அதற்குமேல் யோசிக்கவில்லை.

சாயங்காலம் பட்டத்தை அலசி, உலர்த்தி, பையில் மடித்து வைத்திருந்தார். "கடையில குடுத்து விக்கச் சொல்லிட்டு வந்துரு. நான் போனா மனசு கேக்காது" என்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று தூக்கிக்கொண்டு போனேன்.

கெய்ட்லின் பையைப் பார்த்துவிட்டு, பெரிய பட்டம் வாங்கப்போகிறாரா என்று கேட்டாள். இல்லை, இதோடு நிறுத்திக்கொள்கிறார் என்றேன்.

"இன்றைக்குப் போயா நிறுத்துகிறார்?" என்றாள் அந்தப் பெண், கண்ணை அகல விரித்துக்கொண்டு. "இன்றைக்குத்தானே திரும்பி வந்தார்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் சொன்னதெல்லாம் இதுதான்: முனைக்கு அந்தப் பக்கம் போனவர், வெட்டி வெட்டி வந்து, கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டார். கரைக்குக் கிட்டே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கையைத் தூக்கி ஓவென்று கத்தினார். அவளும், பாடம் கற்க வந்தவர்களும் கை தட்டினார்கள். இவர் கரையைச் சுற்றுமுற்றும் பார்த்தாராம். வேன் நின்ற இடத்தைப் பார்த்தாராம். வேன் இல்லை.

இறங்கி வா, கொண்டாடலாம் என்று கெய்ட்லின் கூப்பிட்டிருக்கிறாள். "என் வைஃப் அங்கே வெயிட் பண்றா" என்று சொல்லிவிட்டு, பட்டத்தைத் திருப்பி, வந்த வழியே காற்றோடு போய்விட்டாராம்.

பையை வெடுக்கென்று அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு வருஷமாக ஏங்கினது நடந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன், அதையும் கேட்டுக்கொண்டு சோறு தின்றிருக்கிறார். கிழங்கு கேட்டாரே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பிறகு அழுகை வந்தது, நன்றாக அழுதேன்.

வீட்டுக்குள் போய் பையை அவர் காலடியில் தொப்பென்று போட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு வாய் எதுக்குங்க இருக்குது?"

பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "அந்தப் புள்ள சொல்லிருச்சா?" என்றார்.

"அவ சொல்றா. கட்டின பொண்டாட்டி நான், எனக்குச் சொல்ல மாட்டீங்க?"

"வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அழுகிற மாதிரி நின்னுட்டு இருந்த. அந்நேரத்துல போயி, நான் வந்துட்டேன், நீதான் இல்லைன்னு சொன்னா, உனக்கு எப்படி இருக்கும்?"

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நம்புவ. ஆனா நீ பாக்கலையே அம்மிணி. நீ பாக்காம வந்தது எனக்கு வந்த மாதிரியே இல்ல."

"அங்கயே இருந்து எனக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கலாம். நானே வேனைத் திருப்பிட்டு வந்திருப்பேன்."

"போனெல்லாம் அப்பத் தோணல. நீ அங்க தனியா நாணலைப் பாத்துட்டு நிப்பியேன்னுதான் இருந்துச்சு" என்றார். "முதல் வருஷம் நீ அழுதது இன்னும் எனக்கு மறக்கல."

இப்படிப்பட்ட ஆளை நான் என்ன செய்வது, சொல்லுங்கள். இந்த மனுஷன் எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம். இதை அவர் முகத்துக்கு நேராக நான் இதுவரை சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, டீ போடட்டுமா என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வீட்டைக் காலி பண்ணவேண்டும். ரைஸ் குக்கர் முதற்கொண்டு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிட்டுக் காயல் கரைக்குப் போனோம். காற்று இருந்தது, ஆனால் நேற்றுப்போல் இல்லை. பட்டத்தைப் பிடித்துவிட்டேன். பிறகு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பஸ் ஸ்டாப்புக்குப் போகல?" என்றார் தண்ணீரிலிருந்து.

"போகல. நான் இங்கதான் இருப்பேன். பட்டத்தோட வந்தாலும் சரி, ரோட்டோட நடந்து வந்தாலும் சரி, இங்கதான் வரணும்."

"அப்ப போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வாங்க."

போனார். முனையைத் தாண்டினார். பட்டத்தின் நுனிகூடத் தெரியவில்லை. வேன் சாவியை முன்னாடியே கெய்ட்லினிடம் கொடுத்து வைத்திருந்தேன். கையில் இருந்தால் நான் எழுந்து ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஆனாலும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாவியைத் திருப்பிக் கேட்கலாமா என்று அவள் பக்கம் பார்த்தேன், அவள் தலையை ஆட்டி முடியாது என்றாள். காற்று வேறு குறைந்துகொண்டே வந்தது. பெருந்துறை குலதெய்வத்திலிருந்து பிரிட்ஜ்வாட்டர் கோயில் பெருமாள் வரைக்கும் ஒருவரை விடாமல் கூப்பிட்டேன்.

மஞ்சள் விளிம்பு தெரிந்தது. ஒருமுறை உள்ளே போய் மறைந்தது, மறுபடி வெளியே வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்தது. எழுந்து நின்றுவிட்டேன். முனையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேவிட்டார். அந்த நேரம் பார்த்துக் காற்று செத்துப்போனது. பலகை முங்கியது, இவரும் முங்கி எழுந்தார். பட்டம் மட்டும் எப்படியோ விழாமல் தலைக்குமேல் நின்றது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் அசைந்து அசைந்து நடந்து வந்தார்.

சொல்வதற்கு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். சாயங்காலம் இவர் ரயிலிறங்கி வீட்டுக்குள் வருகிறபோது தினமும் கேட்கிறதுதான் வாயில் வந்தது.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. பிறகு தலையை ஆட்டினார். "ஆனா இது செல்லாது அம்மிணி. கடைசியில நடந்துதான் வந்தேன்."

"நேத்து நடக்காம வந்தீங்க, நான் பாக்கல. இன்னைக்கு நடந்து வந்தீங்க, நான் பாத்தேன். ரெண்டையும் சேத்து ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்."

தலைக்குமேல் நின்ற பட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப கைட்டு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கூலருக்குப் பக்கத்துல எடம் விட்டு வெச்சிருக்கேன்" என்றேன். "கொண்டுபோய் ஏத்துங்க."